வெங்காயத் தோல் அளவு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் தண்ணீர் பம்பு ஓட்டிக்கொண்டிருந்த சாலமோன், அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் நிலக்கரி இன்ஜினில் இருந்தவர். முதலில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன், பிறகு பதினோரு வருஷம் கூட்ஸ் வண்டி டிரைவர். ஐம்பத்து மூன்றாம் வருஷம் கண் பரிசோதனையில் தேறவில்லை என்று இறக்கிவிட்டார்கள். இன்ஜினிலிருந்து இறக்கினாலும் வீட்டுக்கு அனுப்புவதில்லை; பம்பு, கேட்டு, ஸ்டோர் என்று எங்காவது உட்கார வைப்பார்கள். சாலமோனுக்கு வாய்த்தது பம்பு. கிணற்றுத் தண்ணீரை உயரத் தொட்டிக்கு ஏற்றி வைப்பார். வருகிற இன்ஜின்கள் அதைப் பிடித்துக்கொண்டு போகும்.

ஊருக்கும், மனைவி ஆரோக்கியமேரிக்கும் அவர் சொல்லி வைத்திருந்தது இதுதான்: கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. தன்னிடம் ஃபயர்மேனாக இருந்த பச்சையப்பன், தன் இடத்துக்கு வர ஆசைப்பட்டு, மேலிடத்தில் இல்லாததும் பொல்லாததும் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டான்.

உண்மை வேறு. இரண்டு கண்ணிலும் புரை. இடக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வலக் கண்ணில் ஆள் தெரியும், முகம் தெரியாது. பரிசோதித்த டாக்டர் அன்றைக்கே எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் செய்துகொண்டால் கனத்த கண்ணாடி போட்டுப் பேப்பர்கூடப் படிக்கலாம், தள்ளிப் போட்டால் மொத்தமாகப் போய்விடும் என்று தெளிவாகச் சொன்னார். சாலமோன் வெளியே வந்ததும் அந்தச் சீட்டை நான்காகக் கிழித்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பச்சையப்பன் சொன்னது நிஜம் என்று ஆகிவிடுமே! வீம்பு மனுஷனுக்கு இருக்க வேண்டியதுதான். ஆனால் வீம்புக்காக இரண்டு கண்ணையும் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தவரை என்னவென்று சொல்வது?

மூன்று வருஷம் இதை மனைவியிடம் எப்படி மறைத்தார் என்று கேட்கலாம். ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. எது எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியும். பம்பு வீட்டில் எல்லாம் கைக்குத் தெரியும். பேப்பரைக் கொடுத்தால், "அதுல இன்னாக்குது, எல்லாம் பொய்யி" என்று தள்ளிவிடுவார். எதிரே வருகிறவர்கள் பேசும் வரைக்கும் இவர் பேச மாட்டார். பார்க்கிறவர்கள் டிரைவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று நினைத்துக்கொள்வார்கள். குருடன் என்று தெரிவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பெயர் எடுப்பது அவருக்கு உசத்தியாக இருந்தது.

பச்சையப்பன் இப்போது தானே டிரைவராகி, வாரத்துக்கு இரண்டு முறை கூட்ஸ் வண்டியோடு அந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நிற்பான். அவன் இன்ஜின் விசில் கேட்டதும் சாலமோன் பம்பு வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். ஆரோக்கியமேரி கொல்லையில் நின்று, அவன் காதில் விழட்டும் என்றே கோழியைத் திட்டுவாள். ஒரு காலத்தில் அவள் கையால் சாப்பிட்டவன்தான். அவன் மறந்து விட்டுப்போன நான்கடுக்கு டிபன் கேரியர் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. அதன் மேலடுக்கில் அவள் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்த வாரம், பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி அப்துல் வஹாப் ஒரு மரப்பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு பம்பு வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கும்மிடிப்பூண்டி பஜாரிலும் அவருக்கு ஒரு கடை உண்டு. கூடைகளை ரயிலில் ஏற்ற வரும்போதெல்லாம் சாலமோனோடு நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர்.

"டிரைவரே, உப்பு ஆபீசர் தொரை சீமைக்குப் போனப்ப அவரு பங்களா சாமானை ஏலத்துல எடுத்தேனே, ஞாபகம்க்குதா? அதுல இந்தப் பெட்டி ஒம்போது வருசமா கொடவுன்ல மூட்டைக்கு அடியில கெடந்துச்சு. இப்பதான் தொறந்து பார்த்தேன். உள்ள ஒரு ரயிலுக்குது."

"ரயிலா?"

"சத்தியமா ரயிலு. இஞ்சினு, தண்டவாளம், சிக்னல் கம்பம் எல்லாம் சின்னச் சின்னதாக்குது. கருவாட்டுக் கடை முன்னாடி ஒரு ரயிலு ஓடினா சனம் வராதா? மெட்ராசுல ஒருத்தன்கிட்ட காட்டினேன். இது பொம்மை பாய், பீரோவுல வெச்சிக்கங்கன்னுட்டான். நீங்க சொல்லுங்க. இது ஓடுமா, ஓடாதா?"

சாலமோன் இரண்டு கையையும் பெட்டிக்குள் விட்டார். கரி வண்டியோடு சேர்த்து மூன்றடி நீளம். புகைபோக்கி, அதற்குப் பின்னால் பாய்லர், பாய்லருக்குப் பின்னால் டிரைவர் நிற்கும் கூண்டு. கூண்டுக்குள் விரலை நுழைத்தார். நெருப்புக் கதவு இருந்தது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருந்தது. முன்னே பின்னே ஓட்டும் லீவர் இருந்தது. நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் கைப்பிடி, சுண்டு விரல் நீளத்துக்கு, இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு ரெகுலேட்டரைத் தொடுகிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெட்டி முழுக்கக் கருவாட்டு வாடை அடித்ததால், மூக்கை உறிஞ்சியதை வஹாப் தப்பாக நினைக்கவில்லை.

"இது பொம்மை இல்ல பாய். நெஜ இஞ்சினு. ஓட வெச்சித் தரேன்" என்றார்.

சொன்ன வாக்கு லேசானதல்ல. முதல் வாரம் பாய்லரைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, எங்காவது ஒழுகுகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். பிறகு கூட்ஸ் ஷெட் பிளாட்பாரத்தில் அந்தச் சின்னத் தண்டவாளத்தை நீட்டிப் போட்டார்கள். மொத்தம் அறுபது அடி வந்தது. அடுப்புக்கரி போட்டு நெருப்பு மூட்டி, நீராவி கட்டியதும் ரெகுலேட்டரைத் திறந்தார். இன்ஜின் பன்னிரண்டு அடி ஓடி நின்றுவிட்டது. நீராவி எல்லாம் தீர்ந்து போயிருந்தது.

வஹாப் முகம் தொங்கிவிட்டது. சாலமோன் முகம் தொங்கவில்லை, ஏனென்றால் அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். ஒழுங்காக வேலை செய்கிற இன்ஜின், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கியில் நான்கு முறை தும்மும். ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் சமமான இடைவெளி இருக்கும். இது தும்மவே இல்லை. ஒரே மூச்சாகச் சீறிக்கொண்டு போயிற்று. நீராவி வேலை செய்யாமல் வெளியே போகிறது என்று அவருக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

வீட்டில் ஆரோக்கியமேரியின் தையல் மிஷின் மேசைதான் உறுதியானது. அவள் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். துணிகளை ஒதுக்கிவிட்டு இன்ஜினை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தார், சக்கரம் தரையில் படாமல் சுற்றட்டும் என்று. சிலிண்டருக்கு மேலே உள்ள சின்னப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். ஸ்குரூக்களைப் பச்சையப்பனுடைய கேரியரின் இன்னொரு அடுக்கில் போட்டு வைத்தார்.

மூடிக்குள்ளே இருப்பது எளிய சமாச்சாரம்தான். ஒரு தட்டையான தளம், அதில் வாசல் மாதிரிக் கீறல்கள். அதன்மேல் கவிழ்த்து வைத்த சோப்பு டப்பா மூடி போல ஒரு பித்தளைத் துண்டு. அதற்கு வால்வு என்று பெயர். சக்கரம் சுற்றச் சுற்ற அது முன்னும் பின்னும் நகர்ந்து வாசல்களைத் திறந்து மூடும். திறந்த வாசல் வழியாக நீராவி உள்ளே போய்ப் பிஸ்டனைத் தள்ளும். சாலமோன் நகத்தால் வால்வின் ஓரத்தைத் தேடினார். வாசல் எவ்வளவு அகலமோ வால்வும் அவ்வளவே அகலம். ஒரு மயிரிழை அதிகமில்லை.

"செஞ்சவன் சோம்பேறி" என்றார்.

"இன்னாங்க?" என்று கேட்டாள் ஆரோக்கியமேரி.

"ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளினா மீதித் தூரம் அதுவே போவும். கடேசி வரிக்கும் கூட ஓடித் தள்ளிக்கினு இருந்தா தள்றவனுக்குத்தான் மூச்சு வாங்கும். இந்த வால்வு கடேசி வரிக்கும் ஆவியை உள்ள உட்டுக்கினேக்குது. பாதியில வாசலை மூடிட்டா, உள்ள போன ஆவியே மீதி வேலையைச் செய்யும். அதுக்கு வால்வு ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கினு இருக்கணும்."

பழைய பம்பின் உடைந்த பித்தளைத் துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. அதை இரண்டாக அறுத்து, இரண்டு சிலிண்டருக்கும் புது வால்வு ராவத் தொடங்கினார். அரம் பிடிப்பதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம், விரல் போதும். ராவுவார், நகத்தால் தடவுவார், மறுபடி ராவுவார். பதினெட்டு நாள் ஆயிற்று. அகலமான வால்வு கூடுதல் தூரம் நகர்ந்தால்தான் வாசல் முழுக்கத் திறக்கும் என்பதால், அதை ஆட்டும் கம்பியில் வேறு இடத்தில் புதுத் துளை போட்டார். அந்தப் பதினெட்டு நாளும் வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு கோபப் பேச்சு வரவில்லை. ஆரோக்கியமேரிக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

கடைசி வேலைதான் கழுத்தைப் பிடித்தது. வால்வை அதன் இடத்தில் நிறுத்த வேண்டும். பிஸ்டன் ஓட்டத்தின் முடிவில் நிற்கும்போது வாசல் அப்போதுதான் திறக்கத் தொடங்கியிருக்க வேண்டும். சிலிண்டருக்கு இரண்டாக, நான்கு முனையிலும் ஒரே அளவு. சக்கரத்தைத் துளித் துளியாகத் திருப்பிக்கொண்டே, திறக்கிற அந்தக் கணத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டும். கையால் இதுவரை ஏமாற்றி வந்தவருக்கு இங்கே கண் வேண்டியிருந்தது.

இன்ஜினில் ஒரு பழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் உரக்கச் சொல்ல வேண்டும்: "ஹோம் ரைட்!" ஸ்டேஷன் வாசல் சிக்னலின் கை இறங்கியிருக்கிறது, போகலாம் என்று அர்த்தம். ஃபயர்மேன் தானும் எட்டிப் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கு கண்ணும் ஒன்றைப் பார்த்தால்தான் வண்டி நகரும். சாலமோன் தன்னுடைய கடைசி இரண்டு வருஷம் அந்த வரிசையைச் சத்தமில்லாமல் மாற்றி வைத்திருந்தார். "நாளைக்கு டிரைவர் ஆவப் போறவன், நீ மொதல்ல சொல்லிப் பழகு" என்று பச்சையப்பனிடம் சொல்லிவிட்டார். அவன் சொல்வான், இவர் திருப்பிச் சொல்வார். நான்கு கண் இரண்டாகிவிட்டது அவனுக்கு வெகு நாள் தெரியாது.

அந்தப் பழைய தந்திரத்தையே இப்போது மனைவியிடம் எடுத்தார்.

"நீ டார்ச் அடிச்சிப் பார்த்துச் சொல்லு மேரி. நானும் பூதக் கண்ணாடி வெச்சிப் பார்த்துத் திருப்பிச் சொல்றேன். ரெண்டு பேரும் ஒண்ணு சொன்னாதான் ஸ்குரூவை முடுக்கணும். இஞ்சின்ல அதான் மொறை."

"தையல் மிஷின்ல ஊசியும் கொக்கியும் சேர்ற எடம் மாதிரிதானே?" என்றாள் அவள். அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தார்கள். அவர் சக்கரத்தைத் திருப்புவார். அவள், "தொறந்துச்சி" என்பாள். அவர் பூதக் கண்ணாடியோடு குனிந்து, "தொறந்துச்சி" என்பார். முடுக்குவார்கள். நான்கு முனையும் முடிந்தது. மதியம் பிளாட்பாரத்தில் நீராவி கட்டினார்கள். இன்ஜின் இப்போது தும்மியது. ஆனால் மூன்று தும்மல்தான்; நான்காவது இடத்தில் ஒரு வெறும் இழுப்பு. சின்னச் சக்கரம் பூட்டிய ஒரு பலகை வண்டியைப் பின்னால் மாட்டியிருந்தார்கள்; அதை வெறுமனே அறுபது அடியும் இழுத்தது. ஒரு கருவாட்டு மூட்டையை வைத்ததும் நொண்டி நொண்டி நின்றுவிட்டது.

சாலமோனுக்குக் காதே போதும்.

"இடப் பக்கம், பின் வாசலு. அங்க நீ தப்பாச் சொல்லிக்கிற மேரி."

"இருக்கும். நெழலைப் பார்த்துட்டு வாசலுன்னு நெனச்சிருப்பேன்" என்றவள் ஒரு நொடி நிறுத்தினாள். "ஆனா நீங்களும் கண்ணாடி வெச்சிப் பார்த்துட்டுதானே தொறந்துச்சின்னீங்க?"

"வெளிச்சம் பத்தல."

"காலைல பத்து மணிக்கா?"

அவர் குனிந்து இன்ஜின் நெருப்பை அணைக்கத் தொடங்கினார். அவள் அப்புறம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாளே தவிர, மறக்கிற பெண் இல்லை அவள். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் கை ஊறுகாயைத் தேடிய விதத்தை அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தாள்.

மறுநாள் கோயிலிலிருந்து திரும்பியதும் மறுபடி மேசையில் உட்கார்ந்தார்கள். அவர் சக்கரத்தை மெல்லத் திருப்பினார். அவள் டார்ச்சை அணைத்தாள். தன் இடக் கையை விரித்து அந்தப் பெட்டியின்மேல் முழுக்க மூடினாள்.

"தொறந்துச்சி" என்றாள்.

சாலமோன் பூதக் கண்ணாடியோடு குனிந்தார். நிதானமாகப் பார்த்தார்.

"தொறந்துச்சி" என்றார்.

ஆரோக்கியமேரி கையை எடுக்கவில்லை. ஸ்குரூ முடுக்க வந்த அவர் விரல்கள் அவள் புறங்கையில் மோதின. ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் மனைவியின் கை இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருக்கு இது முதல் முறை இல்லை.

"எத்தினி நாளா?" என்று கேட்டாள்.

"அம்பத்தி ஒண்ணுலேர்ந்து."

"அப்பால ரெண்டு வருசம் வண்டி ஓட்டினீங்களே!"

"ஓட்டினேன். பாலம் வந்தா சத்தம் சொல்லும். உப்பளம் வந்தா வாடை சொல்லும். சிக்னலைப் பச்சையப்பன் சொல்வான்." பூதக் கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஒரு நாள் சாயங்காலம் அவுட்டர் சிக்னல்ல வண்டி நின்னுக்கினு இருந்துச்சு. பச்சை 'ரைட் அண்ணாத்தே'ன்னான். நானும் 'ரைட்'டுன்னு சொல்லி ரெகுலேட்டர்ல கை வெச்சேன். அவன் என் கைமேல கை வெச்சி அழுத்திக்கினான். சிக்னலு டேஞ்சர்ல இருந்துச்சு மேரி. வேணும்னே மாத்திச் சொல்லிப் பார்த்துக்கிறான். அழுதான். மறாநாள் ஃபோர்மேன்கிட்ட போய்ச் சொல்லிட்டான்."

ஆரோக்கியமேரிக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷம் கண் தெரியாமல் வண்டி ஓட்டினாரே என்று வந்தது. தன்னிடமே மறைத்தாரே என்று வந்தது. எல்லாவற்றையும்விட வேறொன்றுக்காக அதிகமாக வந்தது.

"அந்தப் புள்ள என் கையால சோறு துன்னவன். மூணு வருசமா ஞாயித்துக்கெழமை தவறாம மாதா முன்னால நின்னுக்கினு, அவன் கை வெளங்காம போவணும்னு வேண்டிக்கினு வந்தேன். இன்னிக்குக் காலைலகூட வேண்டிக்கினேன். இப்போ நான் மாதாகிட்ட இன்னான்னு சொல்றது? மன்னிச்சிக்கம்மா, ஆளை மாத்திச் சொல்லிட்டேன்னா?"

சாலமோனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"டாக்டர் வேற எதுனா சொன்னாரா?" என்று கேட்டாள். ஆபரேஷன் சீட்டையும், அதைக் கிழித்துப் போட்டதையும் சொன்னார். அவள் எழுந்து போய்விட்டாள்.

இரண்டு நாள் பேச்சில்லை. வேளா வேளைக்குச் சோறு வந்தது, அவ்வளவுதான். இன்ஜின் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. மூன்றாம் நாள் குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து அவர் விரலில் எதையோ வைத்தாள். வெங்காயத்தின் மேல்தோல், காய்ந்து சரசரவென்று இருந்தது. ரிப்பன்போல நீளமாக வெட்டியிருந்தாள்.

"இத்த வாசல்ல சொருகி வால்வை மூடுங்க. தோலை வால்வு கவ்விக்கும். அப்பால தோலை லேசா இழுத்துக்கினே சக்கரத்தைத் திருப்புங்க. வாசலு தொறக்கிற அந்த நிமிசம் தோலு கையோட வந்துடும். கண்ணு எதுக்கு?"

சாலமோன் செய்து பார்த்தார். தோல் பிடித்துக்கொண்டிருந்தது, பிடித்துக்கொண்டிருந்தது, சட்டென்று விடுபட்டது. முடுக்கினார். அடுத்த முனை. இடப் பக்கம், பின் வாசல். நான்கு இடத்திலும் ஒரே வெங்காயத்தின் தோல், ஒரே அளவு. யாரும் சொல்லவும் இல்லை, யாரும் திருப்பிச் சொல்லவும் இல்லை. சனிக்கிழமை காலை முழுக்க ஆன வேலை அரை மணியில் முடிந்தது. அன்று சாயங்காலமே செங்கல்மேல் வைத்தபடி நீராவி கட்டி ஓட்டினார். சக், சக், சக், சக் என்று நான்கும் சமமாக விழுந்தன. லீவரைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து ஆவியைக் குறைத்தால் தும்மல் மெலிந்தது, வேகம் குறையவில்லை. பெரிய இன்ஜினில் எப்படியோ அப்படி.

அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கு மனம் இளகியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமை பாய் பார்க்க வராரு. அன்னிக்கு மதியானம் பச்சையப்பன் வண்டியும் தண்ணி புடிக்க நிக்கும். நான் அவனைக் கூப்புடப் போறேன். அவன்கிட்ட இன்னா சொல்றதுன்னு நீங்க யோசிச்சி வெச்சிக்கங்க. நான் சொல்ல மாட்டேன்."

"என்னால ஆவாது மேரி."

"அப்போ கண்ணு ரெண்டும் போவட்டும். நான் கையைப் புடிச்சிக் கூட்டிக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு, கொல்லைக்குப் போய்க் கோழித் தண்ணீரைக் கொட்டினாள். அந்த அடுக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வஹாப் புதுத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். பெட்டியில் இருந்த சின்னச் சிக்னல் கம்பத்தைத் தண்டவாளத்தின் ஓரம் நட்டு, அதன் கையை ஏற்றி இறக்கும் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதி வேலை தன்னுடையது என்கிற மாதிரி ஒரு உட்காரல். போர்ட்டர்களும் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டாருமாக இருபது பேர் கூடியிருந்தார்கள். சாலமோன் இன்ஜினுக்குப் பின்னால் பலகை வண்டியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீராவி கட்டியாகிவிட்டது. பிளாட்பாரத்துக்கு அந்தப் பக்கம் பச்சையப்பனின் கூட்ஸ் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. இந்த முறை சாத்திக்கொள்ளக் கதவு இல்லை.

ஆரோக்கியமேரி கையில் டிபன் கேரியரோடு பெரிய இன்ஜினுக்குக் கீழே போய் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. எதிர் வண்டி வர இருபது நிமிஷம் இருந்தது. பச்சையப்பன் கரிக் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தான். நாலடி தள்ளி நின்றான்.

"அண்ணாத்தே" என்றான்.

சாலமோன் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார். "பின்னால ஒக்காரு. ரெண்டு ஆளை இழுக்குதான்னு பார்க்கலாம்" என்றார்.

பச்சையப்பன் உட்கார்ந்தான். சாலமோன் ரெகுலேட்டரில் இரண்டு விரலை வைத்தார். வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"சிக்னலைச் சொல்லு பச்சை."

"மொறைப்படி டிரைவர்தான் மொதல்ல சொல்லணும் அண்ணாத்தே" என்றான் அவன், மெதுவாக.

கேலியாகச் சொல்லவில்லை. மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னான். சாலமோன் தலையை நிமிர்த்திச் சிக்னல் இருக்கும் பக்கம் பார்த்தார். வெள்ளையாக வெயில் தெரிந்தது. வஹாப் தொப்பி இருக்கும் இடத்தில் ஏதோ அசைந்தது. அங்கே கம்பம் இருக்கிறது, அதில் கை இருக்கிறது, இருபது பேருக்கும் அது தெரிகிறது. இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் பாதி வாய்ப்பு உண்டு. அவர் வாழ்க்கையில் அந்தப் பாதி வாய்ப்பை நம்பியே எத்தனையோ மைல் ஓட்டியிருக்கிறார்.

"எனக்குத் தெரியல" என்றார்.

கூட்டம் சரியாகக் கேட்காமல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அவர் குரலை உயர்த்தினார்.

"எனக்குக் கண்ணு தெரியல பச்சை. அன்னிக்கும் தெரியல. நீ சொன்னதுதான் நெசம். நான்தான் உன்னைப் பொய்யனாக்கி வெச்சிட்டேன். ஊரு முன்னால சொல்றேன்."

வஹாப் கயிற்றை விட்டுவிட்டு எழுந்தார். பச்சையப்பன் முன்னால் சாய்ந்து, ரெகுலேட்டர்மேல் இருந்த அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தான். இந்த முறையும் அழுதான்.

"பாய், கயித்தை இழுங்க" என்று ஆரோக்கியமேரி அதட்டினாள். வஹாப் பதறிப்போய் உட்கார்ந்து இழுத்தார்.

"ரைட் அண்ணாத்தே" என்றான் பச்சையப்பன். "கை எறங்கிடுச்சி."

சாலமோன் திறந்தார். இரண்டு பெரிய மனுஷர்களை ஏற்றிக்கொண்டு அந்த மூன்றடி இன்ஜின் அறுபது அடியும் போயிற்று, நான்கு தும்மலில் ஒன்றுகூடப் பிசகாமல். முடிவு வருவதைப் பச்சையப்பன் சொன்னான், சாலமோன் நிறுத்தினார்.

அந்த மாதமே எழும்பூரில் வலக் கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து ஒரு வாரம் அசையாமல் படுத்திருந்தார். இடக் கண் தேறவில்லை. மூன்று வருஷத் தாமதத்துக்கு அது போயிற்று. வஹாப் கடை முன்னால் ரயில் ஓடியது, கூட்டம் கூடியது. கூடின கூட்டம் கருவாடு வாங்காமல் ரயிலை மட்டும் பார்த்துவிட்டுப் போயிற்று என்பது வஹாபின் தீராத குறை.

சோடா பாட்டில் அடி மாதிரி கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு சாலமோன் பம்பு வேலைக்குத் திரும்பிய வாரம், பச்சையப்பன் வண்டி தண்ணீர் பிடித்துவிட்டுப் புறப்பட நின்றது. சாலமோன் பம்பு வீட்டை விட்டு வெளியே வந்தார். இன்ஜினுக்குப் பக்கத்தில் தரையில் நின்று, நெற்றிக்குமேல் கை வைத்து, பிளாட்பாரத்துக்கு அப்பால் இருந்த, வண்டியைப் புறப்படச் சொல்லும் சிக்னலை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக, யாரும் சொல்வதற்கு முன்னால் அவர் சொன்னார்.

"ஸ்டார்ட்டர் ரைட்!"

மேலே கூண்டிலிருந்து பச்சையப்பன் சிரித்தான். ஆனாலும் தானும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிச் சொன்னான்.